ஒரு மைலின் நீளம்

ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையில், நமீப் பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில், லூடெரிட்ஸ் என்னும் சிறு துறைமுக நகர் உள்ளது. ஜேர்மன் வணிகர் ஒருவரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. பேராசை பெருநட்டம் என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த நட்டத்தை யார் சுமக்கின்றார் என்னும் வினாவுக்கு இவ்வணிகரின் வாழ்வில் விடை உண்டு.

அடோல்ப் லூடெரிட்ஸ் 1834ஆம் ஆண்டு பிறேமன் நகரிற் பிறந்தார். தந்தையார் புகையிலை வணிகர். இளமையில் அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் அலைந்து திரிந்த அவர், 1878இல் தந்தையாரின் வணிகத்தைப் பொறுப்பேற்றார். 1881இல் மேற்கு ஆபிரிக்காவின் லாகோசில் வணிக நிலையம் ஒன்றை நிறுவினார். ஆனால் அவர் உள்ளம் அதில் நிறைவு காணவில்லை. பிரித்தானியரின் ஆட்சிக்குட்படாத கரையொன்று தமக்கே உரியதாக வேண்டுமென அவர் விரும்பினார்.

அவருடைய இளம் முகவர் ஹைன்றிஷ் போகல்சாங் 1883 ஏப்ரலில் அங்ரா பெக்குவேனா என்னும் வறண்ட குடாவில் வந்திறங்கினார். உள்நாட்டில் வாழ்ந்த பெத்தானி நாமா மக்களின் தலைவர் ஜோசப் பிரெடெரிக்ஸ். 100 பவுணுக்கும் 200 துப்பாக்கிகளுக்கும் அக்குடாவும் சுற்றியுள்ள நிலமும் மே மாதத்திற் கைமாறின. ஓகஸ்டில் இரண்டாம் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 500 பவுணுக்கும் 60 துப்பாக்கிகளுக்கும், ஒரேஞ் ஆற்றிலிருந்து வடக்கே நீளும் கரையோரம் 20 மைல் அகலத்துக்கு விற்கப்பட்டது.

சூது இந்த மைலிலேயே இருந்தது. பிரெடெரிக்ஸ் அறிந்திருந்தது ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர் கொண்ட ஆங்கில மைல். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்ததோ ஏறத்தாழ 7.4 கிலோமீற்றர் கொண்ட ஜேர்மன் புவியியல் மைல். 32 கிலோமீற்றர் விற்றதாக நம்பியவரிடமிருந்து 148 கிலோமீற்றர் பறிபோயிற்று. இது தற்செயலான தவறன்று. பிரெடெரிக்ஸ் ஆங்கில மைல் என்றே எண்ணியிருக்கட்டும் என்று லூடெரிட்ஸ் தம் முகவருக்கு எழுதிய கடிதம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. உண்மையறிந்த தலைவர் பின்னர் ஆட்சேபித்தும் பயன் விளையவில்லை. கையொப்பமிட்ட தாள் எதிரியின் கையில் இருந்தது. 1884 ஏப்ரல் முதல் பிஸ்மார்க்கின் அரசும் அதற்குக் காவலாக நின்றது.

லூடெரிட்ஸ் வென்றாரா? இல்லை. செம்பும் வைரமும் தேடி அவர் அனுப்பிய ஆய்வுக் குழுக்கள் வெறுங்கையுடன் திரும்பின. கைப்பொருள் கரைந்தது. 1885இல் நிலத்தை ஒரு ஜேர்மன் குடியேற்ற நிறுவனத்துக்கு விற்றார். ஆசை மட்டும் அடங்கவில்லை. 1886 ஒக்டோபரில் ஒரேஞ் ஆற்று முகத்துவாரத்திலிருந்து சிறு படகிற் கடலேறியவர் கரை திரும்பவில்லை.

அவரோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு தனிமனிதரின் வீழ்ச்சியாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் அவர் திறந்த வாயில் வழியே படை நுழைந்தது. 1904இல் ஹெரேரோ மக்களும் நாமா மக்களும் கிளர்ந்தெழுந்தனர். லூடெரிட்ஸ் துறைமுகத்துக்கு எதிரே இருந்த சுறாத்தீவில் நாமா கைதிகள் அடைக்கப்பட்டனர். குளிரும் பசியும் நோயும் கட்டாய வேலையும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. பெத்தானி மக்களின் போராட்டத் தலைவர் கோர்னேலியஸ் பிரெடெரிக்ஸ் 1907 பெப்ரவரியில் அங்கேயே மாண்டார். அவர்களுடைய முன்னோர் விற்ற குடா அவர்களுக்குச் சிறையாயிற்று.

அடுத்த ஆண்டு, 1908 ஏப்ரலில், சக்கரியாஸ் லெவாலா என்னும் ஆபிரிக்கத் தொழிலாளி, புகைவண்டிப் பாதையில் மணலை அகற்றும்போது வைரக்கல்லைக் கண்டெடுத்தார். லூடெரிட்ஸ் தேடிய செல்வம் அவர் காலடியிலேயே கிடந்திருந்தது. உடனே அரசு அக்கரையோரத்தைத் தடைசெய்யப்பட்ட பிரதேசமாக்கியது. மண்ணின் மக்களுக்கு அதில் உரிமை எதுவும் மிஞ்சவில்லை.

2021இல் ஜேர்மன் அரசு அக்கொடுமைகளை இனப்படுகொலையென ஒப்புக்கொண்டது. பேர்லினில் லூடெரிட்ஸ் பெயர் தாங்கிய வீதி 2022 டிசெம்பரில் கோர்னேலியஸ் பிரெடெரிக்ஸ் வீதியாயிற்று. நம்மவர் எவரேனும் அவ்வழி செல்ல நேர்ந்தால் அப்பெயர்ப் பலகையின் முன் சற்று நிற்கட்டும். அன்று ஏமாற்றி எடுத்த மைல்கள் மட்டும் இன்னும் திரும்பவில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்வோம்.