அசையாத முகங்கள்: ஜூலியா மார்கரட் கமரன்

வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா, புகைப்பட உலகில் கணவரை விடப் புகழ்பெற்றவர் என்பதைச் சிலரே அறிவர்.

1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா, 1838இல் சார்ள்ஸ் ஹே கமரனை மணந்தார். பிற்காலத்தில் குடும்பம் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறியது. 1863இன் இறுதியில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. வீட்டுக் கோழிக்கூட்டையே படப்பிடிப்பு அறையாக மாற்றிக்கொண்டார்.

அந்நாளில் இரசாயனம் பூசிய ஈரமான கண்ணாடித் தகட்டில்தான் உருவம் பதியும். ஜூலியாவின் முன் அமர்ந்தவர்கள் சில நிமிடங்கள் வரை அசையாதிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் புன்னகையைப் பிடித்து வைக்க எவராலும் முடியாது. பழைய படங்களில் முகங்கள் இறுகித் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் ஜூலியாவின் படங்களில் அந்த அசைவின்மைக்குள்ளும் உயிர் இருந்தது. விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷல் அவருடைய நெடுநாள் நண்பர். 1867இல் எடுத்த படத்தில் கலைந்த நரைமுடியோடு அவர் நம்மையே பார்ப்பது போலிருக்கிறது. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரையும் அவர் பலமுறை படம்பிடித்தார். அப்பெண்ணின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

1875இல் கணவரோடு இலங்கை வந்தார். வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் தெற்கே சென்றால் வரும் களுத்துறையில் சில காலம் வாழ்ந்தார். சிங்களக் கிராமத்தவரையும் தமிழ்த் தொழிலாளரையும் படம்பிடித்தார். இங்கு எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அவற்றிலும் அதே அசைவின்மை உண்டு. ஆனால் முகங்கள் நம்மிடமிருந்து விலகி நிற்கின்றன. படத்தில் உள்ளவர்களில் பெரும்பாலோரின் பெயரும் பதியப்படவில்லை. அவரைக் காண 1877இல் வந்த ஆங்கில ஓவியர் மரியான் நோர்த்தையும் அங்கே படம்பிடித்தார். அவர் பெயர் மட்டும் தவறவில்லை.

கண்ணாடித் தகடு எல்லோரையும் ஒரேமாதிரித்தான் அசையாமல் இருக்கச் செய்தது. நண்பரையும் பணிப்பெண்ணையும் ஜூலியா அறிந்திருந்தார். தோட்டக்காரத் துரையின் மனைவியாகத் தொழிலாளரைத் தூரத்திலிருந்தே பார்த்தார். அந்தத் தூரமும் படத்தில் பதிந்துவிட்டது.

1879 ஜனவரியில் மலைநாட்டில் காலமான அவர், பொகவந்தலாவை தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். சுற்றிலும் தோட்டங்கள், அவற்றில் உழைத்த எத்தனையோ பேருக்கு ஒரு படமும் இல்லை, பெயரும் இல்லை.

இன்று நமது கைபேசி நொடியில் படம்பிடிக்கிறது. தோழியரே, நம் வீட்டில் வேலை செய்பவரையோ, வீதியோர வியாபாரியையோ படமெடுக்குமுன் அவர் பெயரைக் கேட்டு, இரண்டு வார்த்தை பேசுவோம். பெற்றோரும் பழைய குடும்பப் படங்களின் பின்புறத்தில் பெயர்களை இன்றே எழுதி வைக்கலாம்.