வலியே தெரியலைன்னா என்ன ஆகும்? கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்டின் கதை!

தை பிறந்தா அலங்காநல்லூர் வாடிவாசல்ல என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். திமிலைப் பிடிச்சுத் தொங்குற வீரரைக் காளை ஒரு சுத்து சுத்தி வீசும். விழுந்தவர் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே எழுந்திருப்பார். வலிக்குற இடத்துல ஸ்ப்ரே அடிச்சதும் மறுபடி களத்துக்குள்ள போகத் துடிப்பார். கபடி ஆடுற பசங்க, ராணுவத் தேர்வுக்காக விடியற்காலையில ரோட்டுல ஓடுற பசங்கன்னு எல்லார்கிட்டயும் இதே பழக்கம்தான். மூட்டு வலிச்சா ஒரு மாத்திரை போடு, ஓடிக்கிட்டே இரு!

வலியே இல்லாத உடம்பு எப்படி இருக்கும்னு நேர்ல பார்த்த ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் நம்ம தமிழ்நாட்டுல வாழ்ந்தார். அவர் பேரு பால் பிராண்ட்.

கொல்லிமலைன்னா நமக்கு 70 கொண்டை ஊசி வளைவும் ஆகாய கங்கை அருவியும்தான் ஞாபகம் வரும். 1914 ஜூலை 17 அன்னிக்குப் பிறந்த பால் வளர்ந்தது அந்த மலையிலதான். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின் ரெண்டு பேருமே இங்கிலாந்துல இருந்து வந்த மிஷனரிகள். மலைக் கிராமத்துப் பிள்ளைகளோட மரமேறி, தமிழ் பேசி வளர்ந்தவரை 9 வயசுல படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. 1929-ல அப்பா மலைக்காய்ச்சல்ல இறந்துபோனார். அதுக்கப்புறம் மகன் அவரைப் பார்க்கவே முடியலை.

டாக்டர் ஆகணும்கிற ஆசையெல்லாம் பாலுக்கு ஆரம்பத்துல இல்லை. அப்பா புண்ணுக்குக் கட்டு போடுறதைப் பார்த்து, ரத்தமும் சீழும்னாலே ஒரு அருவருப்பு. அதனால தச்சு வேலை, கட்டட வேலைன்னு சில வருஷம் தொழில் பழகினார். மரத்தையும் உளியையும் புரிஞ்சுக்கிட்ட அந்தக் கைதான் பின்னாடி எலும்பையும் தசைநாணையும் புரிஞ்சுக்கிச்சுன்னு நான் நினைக்கிறேன்.

மனசு மாறி லண்டன்ல மருத்துவம் படிச்சு முடிச்ச நேரம், இரண்டாம் உலகப் போர். ஊர் மேல குண்டு விழுது. கை கால் சிதைஞ்சு வந்தவங்களுக்கு ராத்திரி பகலா அறுவை சிகிச்சை செஞ்சு பழகினார். 1946 கடைசியில வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷம் செங்கல்பட்டு பக்கத்துல திருமணி தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். அங்கே ஒருத்தரோட விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியிருந்துச்சு. தன் கையை அந்தக் கைக்குள்ள கொடுத்து, இறுக்கச் சொன்னார். செத்துப்போன கைன்னு எல்லாரும் நினைச்ச அந்தப் பிடி, இரும்பு மாதிரி இருந்துச்சு. வலியில துடிச்சவர் பால்தான். ஆனா அந்த வலியில ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. உள்ளங்கைக்குள்ள இருக்குற சின்னத் தசைகள்தான் செயலிழந்திருக்கு, முன்கைத் தசைகள் நல்லாத்தான் இருக்கு!

அப்போ, நல்லா இருக்குற தசையோட தசைநாணைத் திருப்பி, செயலிழந்த விரலுக்கு இணைச்சா என்ன? போலியோவுலயும் நரம்புக் காயங்கள்லயும் செய்யுற முறைதான். தொழுநோயாளிகளுக்குச் செய்யத்தான் ஆள் இல்லை. அவங்களை அட்மிட் பண்ணவே மருத்துவமனைகள் தயங்கின காலம் அது. 1948-ல வேலூர்ல முதல் அறுவை சிகிச்சை நடந்துச்சு. வெட்டித் தைச்சதோட வேலை முடியலை. மணிக்கட்டை அசைச்ச தசை இப்போ விரலை அசைக்கணும்னா, மூளை புதுசா பழகணும். வாரக்கணக்குல பயிற்சி. அப்புறம் அந்தக் கை சோத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோச்சு.

நியாயமா கதை இங்கேயே சுபமா முடியணும், இல்லையா? ஆனா சரிபண்ணின கைகள் புண்ணோட திரும்பி வந்துச்சு. தொழுநோய்ல சதை தானா அழுகுதுன்னு டாக்டர்களே நம்பின காலம். பால் நம்பலை. ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சூடான பாத்திரம், சுத்தியல் பிடியில இருந்த சிலாம்பு, பூட்டுல சாவியை முரட்டுத்தனமா திருகினதுன்னு ஒவ்வொண்ணா தெரிஞ்சது. சிலருக்கு விரல் துண்டே காணாம போச்சு. ராத்திரி காவல் இருந்து பார்த்தா, தூங்குறவங்க விரலை எலி கடிச்சுக்கிட்டு இருக்கு! உணர்ச்சி இல்லாததால அவங்க எழுந்திருக்கவே இல்லை. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற நோயாளிகள் கையில ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினாங்க.

மூட்டுகளோட கதை இன்னும் மோசம். நமக்குக் கணுக்கால் பிசகினா உடனே நொண்டுவோம். அந்த நொண்டல்தான் ஜவ்வு ஆறுறதுக்கான ஓய்வு. வலி தெரியாதவர் பிசகின காலை அழுத்தி ஊன்றியே நடப்பார். ஜவ்வு தளரும், மூட்டு விலகும், கடைசியில எலும்பே நொறுங்கும். மருத்துவத்துல இதுக்கு சார்கோ மூட்டுன்னு பேரு. இன்னிக்கு சர்க்கரை நோயில கால் மரத்துப்போனவங்களுக்கும் இதே ஆபத்து இருக்கு. நீண்ட தூரம் நடக்கும்போது நாம நம்மை அறியாமலே காலை மாத்தி மாத்தி ஊன்றுறோம். மரத்துப்போன கால் அப்படி மாத்தாது. ஒரே இடத்துல விழுற அழுத்தம்தான் புண்ணா மாறுது.

அவருக்கும் ஒரு ராத்திரி வந்துச்சு. பயணத்துல களைச்சு லண்டன்ல ஒரு அறையில காலுறையைக் கழட்டினப்போ, குதிகால்ல உணர்ச்சியே இல்லை. ஊசியால குத்திப் பார்த்தார், வலிக்கலை. தனக்கும் தொழுநோய் வந்துடுச்சுன்னு விடிய விடிய தூக்கமில்லை. காலையில மறுபடி குத்தினார். சுரீர்னு வலிச்சுது! ரயில்ல ரொம்ப நேரம் உட்கார்ந்ததுல நரம்பு அழுந்தி மரத்திருந்திருக்கு, அவ்வளவுதான். அப்படி ஒரு சந்தோஷத்தோட ஊசிக்குத்தை வாங்கினவர் உலகத்துலயே அவர் ஒருத்தராத்தான் இருப்பார்.

1960-ல லாஸ்கர் விருது வந்துச்சு. 1966-ல அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இந்தியாவுல பழகின, பாதத்தோட ஒட்டிப் போடுற மாவுக்கட்டு முறையை அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் பரப்பினார். 2003 ஜூலை 8 அன்னிக்கு இறந்தார்.

கார்வில்ல அவர் செஞ்ச ஒரு முயற்சி தோத்துப்போச்சு. அதைத்தான் மாத்திரை போட்டுட்டு ஓடுற பசங்ககிட்ட சொல்லணும். செயற்கையா வலியை உண்டாக்குற கருவி அது. கையுறையிலயும் காலுறையிலயும் சென்சார் இருக்கும். அழுத்தம் கூடினா முதல்ல சத்தம் கேட்கும்படி வெச்சாங்க, யாரும் கண்டுக்கலை. விளக்கு எரிய வெச்சாங்க, அதுக்கும் பலனில்லை. கடைசியா மின்சார அதிர்ச்சி கொடுக்குற மாதிரி மாத்தினாங்க. அவசர வேலைன்னா நோயாளிகள் அதை ஆஃப் பண்ணிட்டு வேலையை முடிச்சாங்க. சில வருஷம் போராடிட்டு, பால் பிராண்ட் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்.