ஐம்பது டாலர் நோட்டில் ஓர் ஆட்டு டாக்டர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று சங்கச் செயலாளர் அண்ணன் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். எழுதச் சொன்னது நம் துறையைப் பற்றி. நான் எழுதுவது ஆட்டைப் பற்றி. மன்னிக்கணும் அண்ணா, காரணம் இருக்கிறது.

மெல்போர்னில் வேலை பார்க்கும் நம் பேட்ச் நண்பன் ஒருவன் லீவில் வந்தபோது பழைய ஆஸ்திரேலிய 50 டாலர் நோட்டு ஒன்றைக் காட்டினான். 1973-இல் வந்த காகித நோட்டு. 1995-இல் பிளாஸ்டிக் நோட்டு வந்ததும் அந்தப் படங்கள் மாறிவிட்டன. ஒரு பக்கம் பென்சிலினை மருந்தாக்கிய புளோரி. மறுபக்கம் இருப்பவர் யாருடா என்றேன். இயன் க்ளூனிஸ் ராஸ், ஆட்டு டாக்டர் என்றான். ரூபாய் நோட்டில் கால்நடை டாக்டரா! அன்று பிடித்த ஆர்வம்தான் இந்தக் கட்டுரை.

க்ளூனிஸ் ராஸ் 1899 பிப்ரவரி 22-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து பாத்தர்ஸ்ட் ஊரில் பிறந்தார். 1921-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு இங்கிலாந்துக்குப் போய் ஒட்டுண்ணிகளைப் படித்தார். அந்த நாளில் ஆஸ்திரேலியா ஆட்டு முதுகில் சவாரி செய்த நாடு. 1930-களில் அங்கே 10 கோடிக்கு மேல் செம்மறிகள். கம்பளி விலை விழுந்தால் நாடே ஆட்டம் காணும். அப்படிப்பட்ட மந்தையை உள்ளுக்குள்ளிருந்து புழு தின்று கொண்டிருந்தது.

1926-இல் அரசின் விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஒட்டுண்ணி நிபுணராகச் சேர்ந்தார். நாயை முடக்கிப்போடும் உண்ணி, கல்லீரல் தட்டைப்புழு, நாய்வழி ஆட்டுக்கு வரும் நீர்க்கட்டிப் புழு என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். தட்டைப்புழு ஆட்டுக்குள் போகும் முன் ஒரு சின்ன நத்தைக்குள் வளர்ந்தாக வேண்டும். அந்த நத்தை எங்கே வாழ்கிறது, எப்போது பெருகுகிறது என்று சக விஞ்ஞானி ஒருவரோடு சேர்ந்து சதுப்பு நிலமெல்லாம் தேடி 1929-இல் எழுதி வைத்தார். ஆட்டைக் காப்பாற்ற ஆட்டை மட்டும் பார்த்தால் போதாது, அது மிதிக்கும் சேற்றையும் பார்க்க வேண்டும். இது அவர் வேலை பூராவும் தெரிகிறது.

1931-இல் சிட்னி பல்கலைக்கழக வளாகத்தில் மக்மாஸ்டர் கால்நடை ஆராய்ச்சிக்கூடம் திறந்தது. ஃபிரடெரிக் மக்மாஸ்டர் என்ற ஆட்டுப் பண்ணைக்காரர் கொடுத்த பணத்தில் கட்டியது. அதன் முதல் பொறுப்பாளர் நம் ராஸ், வயது 32. (என்னைவிடச் சின்னவர். எழுதும்போதே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.) 1936-இல் ஹியூ கார்டன் என்ற இளைய சகாவோடு சேர்ந்து செம்மறியின் உள் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் அப்பத்தா சிவகங்கைப் பக்கம் முப்பது வெள்ளாடு வளர்த்தது. ஒரு ஐப்பசியில் பதினோரு ஆடு போய்விட்டது. கண் இமை வெளுத்து, தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரித் தொங்கி, ஒவ்வொன்றாகப் படுத்தன. அத்தனைக்கும் மாதாமாதம் கடையில் வாங்கிய குடற்புழு மருந்து ஊற்றிக் கொண்டுதான் இருந்தோம். மருந்து ஊற்றியாச்சே, இது வேற ஏதோ கழிச்சல் என்று அப்பத்தா சாதித்தது. நானும் தலையாட்டினேன்.

கால்நடை மருந்தக டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. புழுக்கை கொண்டு வா என்றார். 2 கிராம் புழுக்கையை நசுக்கி, உப்பு கரைகிற மட்டும் கரைத்த தண்ணீரில் 60 மில்லி ஆகும்படி கலக்கி, வடிகட்டினார். கனமான உப்புத் தண்ணீரில் புழு முட்டை மிதக்கும், குப்பை பெரும்பாலும் அடியில் தங்கும். அதை எடுத்து ஒரு கண்ணாடி ஸ்லைடில் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

அந்த ஸ்லைடைப் பார்த்ததும் என்னுள்ளிருந்த என்ஜினீயர் விழித்துக் கொண்டான். இரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் 1 சென்டிமீட்டர் சதுரக் கட்டம், ஆழம் 1.5 மில்லிமீட்டர். ஆக ஒரு கட்டத்தின் கீழே 0.15 மில்லி, இரண்டுக்கும் 0.3 மில்லி. அது 60 மில்லியில் இருநூறில் ஒரு பங்கு. 2 கிராமில் இருநூறில் ஒரு பங்கு என்றால் 0.01 கிராம். எண்ணிய முட்டையை 100-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும்! முட்டைகள் மிதந்து மேல் கண்ணாடியின் அடியில் ஒட்டி நிற்பதால் எல்லாம் ஒரே ஃபோகஸில் தெரிகின்றன. இதைவிட எளிமையான அளவுகோலை நான் எந்த லேபிலும் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்டில் எண்ணியது 24. அதாவது கிராமுக்கு 2,400. அதே மருந்தை ஊற்றி 14-ஆம் நாள் திரும்ப எண்ணினார், 21. மருந்து வேலையே செய்யவில்லை. எடை பார்க்காமல் எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி ஊற்றி, மாதாமாதம் ஊற்றி, சாகாத புழுக்களாகப் பார்த்து வளர்த்தது நாங்கள்தான். டாக்டரம்மா வேறு வகை மருந்தை எடைக்கு ஏற்றபடி கொடுத்தார். மிச்ச ஆடுகள் பிழைத்தன.

அந்த ஸ்லைடின் பெயர் மக்மாஸ்டர் ஸ்லைடு. ஆம், அதே ஆராய்ச்சிக்கூடம்தான். ஆனால் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்: அதை உருவாக்கியது ராஸ் இல்லை. 1939-இல் கார்டனும் விட்லாக் என்பவரும் வெளியிட்டார்கள். ராஸ் அப்போது லண்டனில் சர்வதேசக் கம்பளிச் செயலகத்தின் தலைவர். அவர் பெயரையும் சேர்த்து எழுதும் ஆசை எனக்கு வந்தது, அடக்கிக் கொண்டேன். கூடத்தை நடத்தி ஆட்களை வளர்த்தது அவர். அதுவே பெரிய காரியம்.

எண்ணிக்கையையே நம்பி உட்காரவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். குட்டிப் புழு முட்டை போடாது, ஆனால் இரத்தம் குடிக்கும். தட்டைப்புழு முட்டை கனம், அந்த உப்புத் தண்ணீரில் மிதக்காது. அதற்குத் தண்ணீரில் தெளிய விட்டு அடி வண்டலைப் பார்க்க வேண்டும். பல உருண்டைப் புழுக்களின் முட்டை ஒரே மாதிரி இருக்கும், எந்தப் புழு என்று அறிய புழுக்கையை வைத்து லார்வா வளர்த்துப் பார்க்க வேண்டும். இமையையும் தாடையையும் கண்ணால் பார்ப்பதை எந்த ஸ்லைடும் மிச்சப்படுத்தாது.

ராஸ் 1940-இல் சிட்னிக்கே கால்நடை மருத்துவப் பேராசிரியராகத் திரும்பினார். 1949-இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. தலைவரானார். அடுத்த ஆண்டு, ஆட்டு மேய்ச்சலைத் தின்று தீர்த்த முயல்களை ஒழிக்க மிக்ஸோமா வைரஸைப் பரப்பினார்கள். போதாத காலம், 1951 தொடக்கத்தில் அதே முர்ரே நதிப் பக்கம் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முயல் வைரஸ்தான் குழந்தைகளைக் கொல்கிறது என்று ஊர் கொதித்தது. ராஸ், பர்னெட், ஃபென்னர் மூவரும் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக் கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. பாராளுமன்றத்தில் செய்தி சொல்லப்பட்ட பிறகு பயம் தணிந்தது.

1954-இல் சர் பட்டம் வந்தது. 1959 ஜூன் 20-இல் மெல்போர்னில் காலமானார், பதவியில் இருக்கும்போதே. வயது அறுபது.

நண்பனிடம் அந்த நோட்டைக் கேட்டேன், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். சந்திப்புக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பார்க்க விரும்புகிறவர்கள் அவனைப் பிடித்துக் கொள்ளுங்கள். அப்பத்தாவிடம் இப்போது இருபத்தாறு ஆடு. மழைக்கு முன்னால் புழுக்கையைப் பொட்டலம் கட்டி மருந்தகத்துக்கு அனுப்புவது அதுவேதான், என்னை நம்புவதில்லை.