கல்லும் கனவும்: தபாற்காரர் ஷெவாலின் வாழ்வு

பெரியபுராணப் படிப்பைக் கேட்டு வளர்ந்த அடியார்களுக்குப் பூசலார் நாயனாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருநின்றவூரில் வாழ்ந்த அவர் சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் அமைக்க ஆசைப்பட்டார். கையிலே பொருள் இல்லை, தேடிப்பார்த்தும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே திரவியம் சேர்த்து, மனத்திலேயே தச்சரையும் சிற்பரையும் அமர்த்தி, அத்திவாரம் முதல் தூபி வரை ஒவ்வொன்றாகக் கட்டி முடித்தார். காஞ்சியிலே பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைப் பின்போடச் செய்து, பூசலாரின் மனக்கோயிலுக்கே இறைவன் முதலில் எழுந்தருளினான் என்பது வரலாறு.

பூசலாரின் பெயரைக்கூட அறியாத ஒருவர், நமது நாட்டிலிருந்து வெகு தொலைவில், பத்து வருட காலம் மனத்திலே ஒரு மாளிகை கட்டினார். பின்பு அதை முப்பத்துமூன்று வருடங்கள் தமது இரு கைகளாலும் மண்ணின் மீது கட்டினார். அவர் சிற்பசாஸ்திரம் படித்தவர் அல்லர். கொத்துவேலை பழகியவரும் அல்லர். பிரான்ஸ் நாட்டுக் கிராமமொன்றில் வீடு வீடாகக் கடிதம் கொடுத்துத் திரிந்த தபாற்காரர். அவர் கட்டிய மாளிகையின் சுவரிலே ஓர் இந்துக் கோயிலும் இருக்கின்றது.

இளமையும் துன்பமும்

பேர்டினன்ட் ஷெவால் 1836ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி, பிரான்சின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள ட்ரோம் மாவட்டத்தில், ஷார்ம் என்னும் சிற்றூரில் ஏழை விவசாயக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதிலே தாயை இழந்தார். இருபது வயது நிரம்புமுன் தந்தையும் காலமானார். பள்ளிக்கூடப் படிப்பு சில வருடங்களுடன் நின்றுவிட்டது. பதின்மூன்று வயதளவில் பாண் சுடும் தொழில் பழகப் போனார். எழுத்து வாசனை ஓரளவு இருந்தபடியால் 1867ஆம் ஆண்டில் தபாற்பகுதியில் வேலை கிடைத்தது. இரண்டு வருடங்களின் பின் ஓத்ரீவ் என்னும் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பெயரோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்ட ஊர் அதுவே.

குடும்ப வாழ்விலும் துன்பம் விடவில்லை. முதற் பிள்ளை ஒரு வயதளவில் இறந்தது. 1873இல் மனைவியும் இறந்தார். 1878இல் மறுமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு அலிஸ் என்னும் பெண்பிள்ளை பிறந்தாள். நாற்பது வயதைக் கடந்து கிடைத்த அந்தப் பிள்ளை மீது தகப்பனுக்குப் பெரும் பாசம்.

நடையிலே பிறந்த கனவு

ஷெவாலின் தபால் விநியோகப் பாதை நாளொன்றுக்கு ஏறத்தாழ 32 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்கு உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். மழையிலும் பனியிலும் மேட்டுப் பாதைகளில் தோற்பையைச் சுமந்துகொண்டு தனியே நடக்கவேண்டும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அந்தத் தனிமையிலே அவர் மனத்தில் ஒரு மாளிகை எழத் தொடங்கியது. கோபுரங்கள், குகைகள், நந்தவனங்கள், சிலைகள் என்று நாள்தோறும் அது வளர்ந்தது. அக்காலத்தில் படத் தபாலட்டைகளும் படங்கள் நிறைந்த சஞ்சிகைகளும் கிராமங்களுக்கும் வரத் தொடங்கியிருந்தன. அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தானே! தாம் காணாத தேசங்களின் கோயில்களையும் கோட்டைகளையும் அவர் அப்படித்தான் கண்டுகொண்டார்.

ஊரார் சிரிப்பார்களே என்று இந்தக் கனவை அவர் யாருக்கும் சொல்லவில்லை. காலப்போக்கில் அவருக்கே அது மறந்துபோகும் நிலை வந்தது.

தடுக்கிய கல்

1879ஆம் ஆண்டு. ஷெவாலுக்கு வயது 43. ஒரு நாள் வேகமாக நடந்துகொண்டிருந்தபோது அவருடைய கால் ஒரு கல்லில் தடுக்கியது. விழாமல் தப்பியவர், தம்மைத் தடுக்கியது எது என்று குனிந்து பார்த்தார். விசித்திரமான வடிவம் கொண்ட கல் அது. பண்டைக் காலத்தில் ஓடிய நீரால் அரிக்கப்பட்டு, காலத்தால் இறுகிக் கடினமாகியிருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் அதே இடத்துக்குப் போனபோது அதிலும் அழகான கற்கள் பல கிடந்தன. இயற்கையே சிற்ப வேலையைச் செய்து வைத்திருக்கும்போது, கொத்தன் வேலையையாவது தாம் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. மறந்துபோன மாளிகை திரும்பவும் மனத்திலே வந்து நின்றது.

அன்று தொடக்கம் கடிதப் பையோடு கல்லும் வீடு வந்து சேர்ந்தது. முதலில் சட்டைப்பையிலே கொண்டுவந்தார். பின்பு கூடையிலே கொண்டுவந்தார். அதுவும் போதாமல் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி ஒன்றைப் பிடித்தார். பகலிலே தபால் கொடுக்கப் போகும் வழியில் நல்ல கற்களைத் தெரிந்து வழியோரம் குவித்து வைப்பார். வேலை முடிந்த பின் வண்டியோடு திரும்பவும் பல கிலோமீற்றர் நடந்து அவற்றை ஏற்றி வருவார். ஊரார் தலையிலே ஏதோ கோளாறு என்றார்கள். சிலர் இரங்கினார்கள், பலர் சிரித்தார்கள். வீட்டிலும் கவலை இருந்தது. ஆனாலும் தபால் வேலையை அவர் கைவிடவில்லை. மனிதரோ சாது, அவரால் ஒருவருக்கும் தொந்தரவு இல்லை என்பதால் ஊரும் அவரை விட்டுவிட்டது.

கையே ஆசான்

வீட்டுக் காய்கறித் தோட்டத்திலேயே வேலை தொடங்கியது. ஆரம்பத்தில் ஒரு நீரூற்றை அமைத்தார். பின்பு குகைகள், தூண்கள், சுவர்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சுண்ணாம்பும் சீமெந்தும் அவர் கைக்காசில் வாங்கியவை. கம்பியை வளைத்து உருவம் பிடித்து, அதன்மேல் சாந்து பூசி, கல்லும் சிப்பியும் பதித்துச் சிலை செய்யும் முறையைத் தாமே செய்து செய்து கண்டுபிடித்தார். பிழைத்ததை மாற்றிச் செய்தார். பகல் முழுவதும் நடந்த கால்களோடு இரவு விளக்கொளியிலே வேலை செய்தார். கிழக்கு முகப்புக்கு மாத்திரம் இருபது வருடமளவில் சென்றது. அங்கே யூலியஸ் சீசர், பிரெஞ்சு மக்களின் பண்டைய வீரனான வேர்சிஞ்செதொரிக்ஸ், கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் ஆகிய மூவரும் நெடிய பூதாகார உருவங்களாக நிற்கின்றனர். மாளிகைக்குள்ளே யானை, ஒட்டகம், கழுகு முதலிய உயிரினங்களுக்கும் இடம் உண்டு.

மேற்கு முகப்பிலேதான் இந்துக் கோயில் உள்ளது. அதே முகப்பில் ஒரு பள்ளிவாசல், சுவிற்சர்லாந்து நாட்டு மரவீடு, ஒரு பழங்காலக் கோட்டை ஆகியனவும் உள்ளன. இந்தியாவையோ இலங்கையையோ ஷெவால் கண்டதில்லை. ஆகம அளவுகளும் சிற்பநூல் விதிகளும் அவர் அறியாதவை. நமது ஸ்தபதிகள் பார்த்தால் இது எந்த முறையைச் சேர்ந்தது என்று கேட்கவே செய்வார்கள். ஆயினும் ஐரோப்பியக் கிராமமொன்றின் தபாற்காரர், உலகில் மனிதர் வணங்கும் இடங்கள் பலவற்றையும் ஒரே சுவரில் அருகருகே வைத்தபோது நமது கோயிலையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார் என்பதை எண்ணும்போது மனம் நெகிழாதிருக்க முடியுமா?

துயரிலும் தளராத பணி

1894ஆம் ஆண்டில் பதினைந்தே வயதான மகள் அலிஸ் இறந்துபோனாள். கல் தடுக்கிய அதே ஆண்டிலே பிறந்த பிள்ளை அவள். மாளிகையோடு ஒன்றாக வளர்ந்தவள். வேறொருவராயின் அத்துடன் கரண்டியை வைத்துவிட்டிருப்பார். ஷெவால் வைக்கவில்லை. மாளிகையின் அருகே அவர் எழுப்பிய வீடு இன்றும் மகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1896இல் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முழு நேரத்தையும் கட்டட வேலைக்கே கொடுத்தார்.

1912ஆம் ஆண்டில் மாளிகை நிறைவெய்தியது. அப்போது அவருக்கு வயது 76. மாளிகையின் நீளம் ஏறத்தாழ 26 மீற்றர். முப்பத்துமூன்று வருடங்கள், பத்தாயிரம் நாட்கள், தொண்ணூற்று மூவாயிரம் மணித்தியாலங்கள் என்று தமது உழைப்பின் கணக்கை அவரே சுவரில் பொறித்து வைத்தார். இத்தனை வேலைக்கும் துணைநின்ற தள்ளுவண்டியையும் அவர் எறிந்துவிடவில்லை. மாளிகைக்குள்ளேயே ஒரு மாடம் அமைத்து அதை மரியாதையுடன் வைத்தார். நவராத்திரி காலத்தில் ஏரும் அரிவாளும் தையல் மெசினும் வைத்து ஆயுதபூசை செய்யும் நமக்கு அந்த மனம் நன்கு விளங்கும்.

மாளிகை முடிந்த அதே ஆண்டில் மகன் சிரீல் இறந்தார். 1914இல் இரண்டாவது மனைவியும் காலமானார். தமது மாளிகைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது ஷெவாலின் ஆசை. அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கட்டிய இடத்திலே ஆறடி நிலம் இல்லை என்றானபோதும் அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. 78ஆவது வயதில் மீண்டும் தள்ளுவண்டியை எடுத்தார். ஊர் மயானத்துக்குக் கல்லும் சாந்தும் தள்ளிச் சென்று, எட்டு வருடங்கள் உழைத்து, மாளிகையைப் போன்றே வேலைப்பாடு நிறைந்த கல்லறை ஒன்றைத் தாமே கட்டினார். அது முடியும்போது வயது 86. இரண்டு வருடங்களின் பின், 1924ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி, 88ஆவது வயதில் காலமாகி அதிலேயே அடக்கமானார்.

பின்னர் வந்த பெருமை

அவர் உயிரோடிருக்கும்போதே மாளிகையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டனர். மறைவின் பின் கவிஞர் அந்திரே பிரெத்தோன், ஓவியர் பிக்காசோ போன்ற பெருங் கலைஞர்கள் வந்து வியந்தனர். ஆனாலும் இது அழகற்ற குப்பைக் குவியல் என்று இகழ்ந்த அதிகாரிகளும் இருந்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பையும் மீறி, 1969ஆம் ஆண்டில் கலாசார அமைச்சர் அந்திரே மல்றோ இதனை நாட்டின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக்கினார். 1984இல் பிரெஞ்சுத் தபாற்பகுதி இம்மாளிகைக்கு முத்திரை வெளியிட்டது. கடிதம் சுமந்த மனிதரின் கனவு, கடிதங்களின் மேல் ஒட்டப்பட்டு ஊர் ஊராகப் போனது! இன்று வருடந்தோறும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓத்ரீவுக்கு வருகின்றனர். நமது உறவினர் பலர் வாழும் பிரான்சிலே, லியோன் நகருக்குத் தெற்கே அம்மாளிகை இருக்கின்றது. அங்குள்ள பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்கலாம்.

ஷெவாலிடம் செல்வம் இருக்கவில்லை, பட்டமும் இருக்கவில்லை. குருவிடம் கற்கும் வாய்ப்பும் அமையவில்லை. இருந்தவை நடந்து பழகிய இரண்டு கால்களும், ஒரு நாளைக்கு ஒரு கூடை கல்லும், சிரிப்பவர்களைச் சிரிக்க விட்டுவிடும் பொறுமையும்தான். ஆலயத் திருப்பணியும் அப்படித்தான் நிறைவேறுகின்றது. பெருந்தொகை கொடுப்பவரின் பெயர் கல்வெட்டிலே வரும். வீதி கூட்டுபவரும், பூமாலை கட்டுபவரும், திருப்பணிக் காலத்தில் ஒரு கூடை மண் சுமந்தவரும் பெயரின்றியே போவார்கள். அந்த ஒரு கூடை இல்லாமல் எந்தக் கோபுரமும் எழுந்ததில்லை. பூசலாரின் மனத்தைக் கண்ட இறைவன் அந்தக் கைகளையும் காண்பான்.