தேர்தல் நடத்திய கணித மாணவர்

தேர்தல் என்றால் வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் நம் நாவில் நிற்கின்றன. அதை நடத்தியவர் யார் என்று கேட்டால் விழிக்கிறோம். சுதந்திர இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் அவர்களைப் பற்றி இம்மலரில் எழுத நான் விழைந்ததற்கு அதுவே காரணம்.

வங்கம் ஈன்ற மைந்தர். கல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் பின்னர் இலண்டனிலும் பயின்றவர். கணிதத்தில் தங்கப்பதக்கம் பெற்றவர். (கணிதத்துறை நண்பர்கள் தாராளமாகப் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.) 1921-இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். நீண்ட காலம் மாவட்ட நீதிபதியாக இருந்தார். விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளரானார். 1950 மார்ச் திங்களில் டில்லி அவரை அழைத்துக் கொண்டது.

அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். மாநிலத்துக்கு ஒரு தேர்தல் ஆணையம் என்பதே அரசியல் நிர்ணய சபையின் தொடக்க எண்ணம். சில மாகாணங்களில் வேற்று மொழியினரையும் வேற்று இனத்தவரையும் வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் ஒதுக்குவதாகப் புகார்கள் வந்தன. ஆகவே 1949 ஜூனில் டாக்டர் அம்பேத்கர் நாடு முழுமைக்கும் ஒரே ஆணையம் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது எவ்வளவு அரிதோ, தலைமை ஆணையரை நீக்குவதும் அவ்வளவு அரிது என்று சட்டம் செய்தார்கள்.

பிரதமர் நேருவோ 1951-இன் தொடக்கத்திலேயே தேர்தல் நடந்தாக வேண்டுமென அவசரப்பட்டார். சென் அவகாசம் கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? வாக்காளர் 17 கோடிக்கு மேல்; அவர்களில் நூற்றுக்கு 85 பேர் எழுத்தறியாதவர். பட்டியலைத் தட்டச்சு செய்ய மட்டும் 16,500 எழுத்தர்களை ஆறு மாதத்துக்கு அமர்த்த வேண்டியிருந்தது.

பட்டியல் எழுதப் போனவர்களுக்கு வட மாநிலங்களில் ஒரு விந்தையான தடை. பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். என் பாட்டி தன் கணவர் பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை; அவர் பெயருள்ள கோயிலைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் குறிப்பிடுவார். ஆனால் தன் பெயரைச் சொல்லத் தயங்கியதில்லை. அங்கே நிலைமை தலைகீழ். பெயரில்லாத வாக்காளரைச் சாவடியில் எப்படி அடையாளம் காண்பது? எவரும் எவருக்காகவும் போட்டுவிடலாமே! ஆகவே ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்கச் சொன்னார் சென். கண்டனங்கள் எழுந்தன. அத்தனை பேர் வாக்கிழந்தது எனக்கும் வேதனையே. ஆயினும் நீதிபதியாக இருந்தவர் அந்த இடத்தில் வேறு தீர்ப்பு எழுதியிருப்பாரென்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த தேர்தலுக்குள் நிலை மாறிற்று. 1957 பட்டியலில் வயது வந்த பெண்களில் நூற்றுக்கு 94 பேர் இடம் பெற்றுவிட்டனர்.

படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம் வந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவர் சின்னம். வாக்காளர் சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டால் போதும். இப்படி 20 லட்சத்துக்கு மேல் எஃகுப் பெட்டிகள் செய்ய 8,200 டன் எஃகு செலவாயிற்று. ஒருவரே இருமுறை வாக்களிக்காதிருக்க விரலில் அழியா மை. இமாசலத்தின் சீனி வட்டத்தில் பனி வழியை அடைத்துவிடும் என்பதால் 1951 அக்டோபர் 25-இலேயே அங்கு வாக்களித்துவிட்டார்கள். மற்ற இடங்களில் 1952 பிப்ரவரி வரை நீண்டது. தனிப்பெட்டி முறை குறையற்றதன்று. 1962 பொதுத்தேர்தலில் ஒரே சீட்டில் முத்திரையிடும் முறைக்கு மாறிவிட்டார்கள்.

தோற்றவர் ஏற்றுக்கொண்டாரா என்பதுதான் எந்தத் தேர்தலுக்கும் உரைகல் என்பது என் கருத்து. தெலுங்கானாவில் ஆயுதம் ஏந்தியிருந்த பொதுவுடைமைக் கட்சியினர் 1951 அக்டோபரில் போராட்டத்தை நிறுத்தித் தேர்தல் களம் புகுந்தனர். மக்களவையில் பெரிய எதிர்க்கட்சியாக அமர்ந்தனர். நம் சென்னை மாநிலத்தில் 375 இடங்களில் 152 மட்டுமே ஆளுங்கட்சியான காங்கிரசுக்குக் கிடைத்தன. 1957-இல் கேரளம் பொதுவுடைமைக் கட்சியை ஆட்சிக்கே அனுப்பியது. டில்லியில் ஆண்ட கட்சிக்குக் கசக்கும் முடிவுகளையும் அவருடைய ஆணையம் தயங்காமல் அறிவித்தது.

இப்புகழ் கடல் கடந்தது. 1953-இல் சூடானில் முதல் பாராளுமன்றத் தேர்தல். பிரிட்டனும் எகிப்தும் அந்நாட்டைப் பங்கு போட்டு ஆண்டு கொண்டிருந்தன. எகிப்தோடு இணைவோம் என்றது ஒரு கட்சி. தனித்து நிற்போம் என்றது மற்றொன்று. ஒன்றின் முடிவை மற்றது ஒப்புமா? சூடானியர், எகிப்தியர், பிரிட்டானியர், அமெரிக்கர் அடங்கிய ஆணையத்துக்குத் தலைமை தாங்க நடுநிலையாளராக அழைக்கப்பட்டவர் சென். எகிப்து சார்பான கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆட்சிக்கு வந்தபின் அதே கட்சி தன் கொள்கையை மாற்றிக்கொண்டு 1956-இல் முழு விடுதலையை அறிவித்தது வேறு கதை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவருடைய தம்பி அசோக் குமார் சென் 1957 தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக வென்று மத்திய சட்ட அமைச்சரானார். அண்ணன் அப்போதும் அதே நாற்காலியில்தான் இருந்தார். இன்று அப்படி நடந்தால் ஊர் வாய் மூடுமா? இத்தகைய நிலையைத் தடுக்கும் விதி இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். அவர் நல்லவர் என்பதால் முறை நல்லதாகிவிடாது.

1958 டிசம்பரில் பதவியிலிருந்து விலகினார். 1960-இல் தொடங்கிய பர்த்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகி மாணவர்களிடையே திரும்பி வந்தார். 1963-இல் மறைந்தார். தன்வரலாறு எதுவும் எழுதி வைக்கவில்லை. முதல் பொதுத்தேர்தலைப் பற்றி அரசுக்கு அளித்த அறிக்கை ஒன்று இருக்கிறது, பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரங்களுடன்.