ஒருவர் ரத்தம் இன்னொருவருக்கு ஏன் சேராது? விடை சொன்ன கார்ல் லேண்ட்ஸ்டைனர் யார்?

ஒரு காலத்தில் ரத்தம் ஏற்றினால் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தே போனார்கள். ஏன்னு யாருக்கும் புரியல.

1868-ல் ஆஸ்திரியாவில் பிறந்த மருத்துவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர், வியன்னாவில் தன் ரத்தத்தையும் சக ஊழியர்கள் ரத்தத்தையும் எடுத்து, ஒருவரின் சிவப்பணுக்களை மற்றவரின் சீரத்தில் கலந்து பார்த்தார். சிலருடையது சேர்ந்தது, சிலருடையது திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியா ஆனது.

1901-ல் ஏ, பி, சி என மூன்று வகைகளை அறிவித்தார். அந்த 'சி'தான் இன்றைய 'ஓ'. அடுத்த ஆண்டே அவரது சகாக்கள் 'ஏபி'யை கண்டுபிடித்தனர்.

ஏ வகைக்காரர் உடலில் பி-க்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். பி ரத்தம் ஏற்றினால் அந்த சிவப்பணுக்களை உடைத்துவிடும். உயிருக்கே ஆபத்து!

நோபல் பரிசு கிடைத்தது 1930-லதான். 1940-ல் வீனருடன் சேர்ந்து ஆர்எச் காரணியையும் கண்டறிந்தார். 1943-ல் நியூயார்க்கில் மறைந்தார். அவர் பிறந்த ஜூன் 14-தான் உலக ரத்த தான தினம்.