ஸாம் குக் என்னும் இசைவாணர்

இனிய குரல் பிறப்போடு வரும் செல்வம். அதனை எங்கே பழக்குவது, எதன்பொருட்டுச் செலவிடுவது என்பவை அதனைப் பெற்றவனுடைய பொறுப்பு. தேவனுடைய ஆலயத்தில் பயின்ற குரலை உலகியற் பாட்டுக்குச் செலவிடலாமா என்னும் வினா, பாடகர் குழுவில் நின்று பழகிய நம் மாணவர் பலருக்கும் புதியதன்று. அமெரிக்கக் கறுப்பினத்தாரிடையே தோன்றிய ஒருவர் இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து திரிந்தார். ஸாம் குக் என்னும் அவ்விசைவாணரின் வாழ்க்கையையும், அவர் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளின் சிறப்பையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் மிஸிஸிபி மாகாணத்துப் பருத்தி நிலத்தின் நடுவே கிளார்க்ஸ்டேல் என்னும் ஊர் உளது. புளூஸ் என்று வழங்கும் துயரப் பாட்டு செழித்தோங்கிய நிலம் அது. அவ்வூரில் 1931ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22ஆம் நாள் குக் பிறந்தார். அவருடைய தந்தையார் சார்ல்ஸ் குக் ஒரு சபைப் போதகர். அந்நாளில் தென்மாகாணங்களில் கறுப்பினத்தார்க்குப் பிழைப்பு அரிது. மானத்தோடு வாழ்தல் அதனினும் அரிது. ஆதலின் எண்ணிறந்த குடும்பங்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. போதகரின் குடும்பமும் 1933இல் சிக்காகோ நகரை அடைந்தது. ஆங்குப் போதகர் தம் மக்களை ஒரு பாடகர் குழுவாக அமைத்துச் சபைதோறும் பாடச் செய்தார். இவ்வாறு, எழுத்தறியும் பருவத்திலேயே சபையார் முன் நின்று பாடும் துணிவு நம் பாடகர்க்கு வாய்த்தது. பின்னர்ப் பள்ளி மாணவராய் இருக்கும்போதே ஹைவே க்யூ. ஸீ. என்னும் இளைஞர் குழுவிற் சேர்ந்து சுவிசேஷ கீதங்களைப் பாடிவந்தார்.

அக்காலத்துச் சுவிசேஷ கீதக் குழுக்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்று ஸோல் ஸ்டிரர்ஸ் என்பது. ஆன்மாவை எழுப்புவோர் என்பது அப்பெயரின் பொருள். அதன் முதற்பாடகராய் விளங்கிய ஆர். எச். ஹாரிஸ் 1950இல் விலகவே, அவ்விடம் இருபது வயதும் நிரம்பாத குக்குக்குக் கிடைத்தது. பெரும்புகழ் பெற்ற ஒருவரின் இடத்தில் ஓர் இளைஞன் நிற்பது எளிதன்று. முதலில் அவர் ஹாரிஸைப் போலவே முழங்கிப் பாட முயன்றார். அவருடைய மென்குரல் அதற்கு இடந்தரவில்லை. பிறகுதான் தமக்கென ஒரு வழியைக் கண்டார். உச்ச சுரத்தை எட்டிப் பிடிப்பதை விடுத்து, அதனைச் சுற்றிக் குரலை வளைத்து, அலைபோல ஏற்றி இறக்கிப் பாடலானார். நம் பாடகர் கமகம் என்று கூறுவதை இதனோடு ஒருவாறு ஒப்பிடலாம். தமக்கு இயலாததை உணர்ந்து இயன்றதை அழகுசெய்த இம்முறையே பிற்காலத்தில் அவருடைய முத்திரை ஆயிற்று.

1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்பெஷல்டி என்னும் இசைத்தட்டு நிறுவனத்திற்காக அவர் இக்குழுவோடு பாடிய முதற்பதிவுகள் வெளிவந்தன. இவ்வரிசையிற் சிறந்தது, 1956இல் வெளிவந்த டச் தி ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட் என்னும் கீதம் என்பது நம் எண்ணம். பெரும்பாடுள்ள ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமடைந்த வரலாறு மாற்கு சுவிசேஷத்தில் உள்ளது. குக் அதனை ஒரு கதைசொல்லியின் அமைதியோடு பாடுகிறார். சத்தமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. கூட்டத்தின் நடுவே ஒதுங்கி வரும் பெண்ணின் அச்சமும் ஆவலும் அவர் குரலின் நடுக்கத்திலேயே நமக்குப் புலனாகின்றன. அதே பாடகர் சபையாரை உணர்ச்சிவெள்ளத்தில் ஆழ்த்தவும் வல்லவர் என்பதற்கு, 1955இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஷ்ரைன் மண்டபத்தில் பதிவான கச்சேரி சான்றாகும்.

இத்துணைப் புகழிருந்தும் குக்கின் உள்ளம் வேறொன்றை நாடியது. உலகியற் பாட்டுக்கள் பாடினால் எல்லா இனத்தாரும் கேட்பர், பொருளும் பெருகும் என்பதை அவர் அறிந்திருந்தார். சுவிசேஷ கீதக்காரர் உலகப் பாட்டுப் பாடுவதைச் சபையார் வீழ்ச்சியாகவே கருதிய காலம் அது. அஞ்சியே அவர் முதற்பாட்டை டேல் குக் என்னும் மாற்றுப் பெயரில் வெளியிட்டார். ஆயினும் அக்குரலை அறியாதார் யார்? மறைவு வெளிப்பட்டது. தந்தையார் மகனைத் தடுக்கவில்லை என்பர். பாட்டின் அமைப்புப் பற்றி ஸ்பெஷல்டி நிறுவனத்தாரோடு பிணக்கு நேர்ந்ததால், யூ செண்ட் மீ என்னும் காதற்பாட்டு 1957இல் கீன் என்னும் புதிய நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது. அது பத்து இலட்சத்திற்கு மேல் விற்று, நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. சொற்கள் மிகச் சில. திரும்பத் திரும்ப வருவன. அவற்றைச் சலியாமற் கேட்கச் செய்வது ஆலயத்திற் பயின்ற அந்தக் குரல் வளைவே. சோல் எனப்படும் இசைவகைக்கு வித்திட்டவருள் ஒருவர் இவர் என்று அறிஞர் கூறுவது இதனாலேயாம்.

இதன்பின் 1960இல் ஆர். ஸீ. ஏ. விக்டர் என்னும் பெரிய நிறுவனத்திற் சேர்ந்து, செயின் கேங், க்யூபிட் முதலிய பல பாட்டுக்களைத் தந்தார். பாட்டெழுதியவனுக்கு உரிமையின்றி ஏமாற்றப்படுவது கறுப்பினப் பாடகர் பலரின் தலைவிதியாய் இருந்த அந்நாளில், குக் தம் நண்பர் ஜே. டபிள்யூ. அலெக்ஸாண்டரோடு சேர்ந்து தம் பாட்டுக்களின் உரிமையைத் தாமே காத்துக்கொண்டார். எஸ். ஏ. ஆர். என்னும் இசைத்தட்டு நிறுவனத்தையும் நிறுவி, தாம் விட்டு வந்த சுவிசேஷ கீதக் குழுவின் பாட்டுக்களை அதன்வழி வெளியிட்டார். 1961இல் மெம்பிஸ் நகரில், இனத்துக்கொரு பகுதியாகப் பிரித்து மக்களை அமர்த்திய அரங்கிற் பாட மறுத்தார்.

அவருடைய இசைத்தட்டுகளை ஆராய்வார்க்கு 1963ஆம் ஆண்டு மிகவும் உரியது. அவ்வாண்டு ஜனவரியில் மயாமி நகரத்து ஹார்லெம் ஸ்குவேர் கிளப்பில் கறுப்பின மக்கள் நிறைந்த கூட்டத்தில் அவர் பாடினார். அங்கே அவர் குரல் கரகரத்து, கூவி, மன்றாடி, மக்களோடு மாறிமாறி உரையாடுகிறது. காதற்பாட்டுத்தான், ஆனால் கேட்பவர்க்கு எழுப்புதல் கூட்டமொன்றில் நிற்பது போன்ற உணர்வே உண்டாகும். இப்பதிவு வெளியிடப்படாமற் கிடந்து 1985இற்றான் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர் நைட் பீட் என்னும் தொகுப்பைப் பாடினார். வாத்தியக்காரர் சிலரே. அவருள் ஆர்கன் வாசித்த பில்லி பிரெஸ்டனுக்கு அப்போது வயது 16. அடிமைக் காலத்திலிருந்து வழங்கும் பழைய ஞானப்பாட்டு ஒன்றோடு தொடங்கும் இத்தொகுப்பில், புளூஸ் பாட்டுக்களும் அடுத்தடுத்து வருகின்றன. லாஸ்ட் அண்ட் லுக்கிங் என்னும் பாட்டில் கனத்த நரம்புக்கருவி ஒன்றும் கைத்தாளத்தின் மெல்லோசையும் தவிர வேறு துணையில்லை. குரல் தனித்து நிற்கிறது. மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் ஒரு பாடகனின் உண்மையான திறம் விளங்கும். அத்தேர்வில் குக் முழுவெற்றி பெறுகிறார்.

அவ்வாண்டே துன்பமும் அவரைத் தொடர்ந்தது. ஜூன் மாதத்தில் அவருடைய இளங்குழந்தை வீட்டு நீச்சற்குளத்தில் மூழ்கி இறந்தது. அக்டோபரில் லூசியானா மாகாணத்து ஷ்ரீவ்போர்ட் நகரிலே, முன்னரே அறை அமர்த்தியிருந்த விடுதியொன்றில் அவருக்கும் மனைவிக்கும் இடமில்லை என்று மறுத்தனர். காரணம் நிறமே. குக் சினந்து வாதாடினார். முடிவில் அமைதியைக் குலைத்தார் என்று காவலர் அவரையே கைதுசெய்தனர். நாடெங்கும் புகழ்பெற்ற ஒருவருக்கே இக்கதி எனின், பெயரறியா ஏழைக்கு எக்கதி!

பாப் டிலன் என்னும் வெள்ளை இளைஞர் உரிமை நாடி எழுதிய பாட்டொன்று முன்னரே அவர் மனத்தைத் தைத்திருந்தது. தம் இனத்தின் துயரைத் தாம் பாடாதிருந்தோமே என்று அவர் நாணினார். இவையாவும் சேர்ந்து பிறந்ததே எ சேஞ்ச் இஸ் கோனா கம் என்னும் பாட்டு. மாறுதல் வந்தே தீரும் என்பது அதன் கருத்து. 1964ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அது பதிவாயிற்று. ரெனே ஹால் என்பார் வயலின் கூட்டமும் கொம்பும் பேரிகையும் சேர்த்து அதற்கு இசையமைத்தார். குக்கின் மற்றப் பாட்டுக்களிற் காணும் புன்னகை இதில் இல்லை. உலகியற் பாட்டுத்தான், கடவுளைப் பற்றிய உறுதிமொழியும் இதில் இல்லை, மறுமையைப் பற்றிய ஐயமும் கலந்திருக்கிறது. எனினும் ஜெபத்தின் தொனி இதில் ஒலிப்பதுபோல அவருடைய வேறெந்தத் தட்டிலும் ஒலிக்கவில்லை. சிறுவயதில் தந்தையாரின் சபையிற் கற்ற குரல், காதற்பாட்டிற் பெற்ற பழக்கம், புளூஸின் துயரம் ஆகிய மூன்றும் ஈண்டு ஒருங்கே வந்து சேர்ந்தன.

அப்பாட்டு தனித்தட்டாக வெளிவருவதைக் காண அவர் உயிரோடில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து விடுதியொன்றில் நிகழ்ந்த சச்சரவில், விடுதி மேற்பார்வையாளரால் சுடப்பட்டு இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டது என்று விசாரணையில் தீர்ப்பாயிற்று. அவர் சுற்றத்தார் அதனை ஏற்கவில்லை. அப்போது அவருக்கு வயது 33. பதினொரு நாள் கழித்துத் தனித்தட்டு வெளிவந்தது. அதில், இன வேற்றுமையை வெளிப்படையாகச் சுட்டும் ஒரு பகுதி நீக்கப்பட்டிருந்தது. முழுப்பாட்டும் முன்னரே வெளிவந்த தொகுப்பில் உள்ளது. அதனையே கேட்டல் வேண்டும். உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டோர் அதனைத் தம் பாட்டாகக் கொண்டனர். 2007இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் என்றும் காக்கத்தக்க பதிவுகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்துக்கொண்டது.

குக் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் வாழ்க்கையில் தடுமாற்றங்கள் பல, முடிவும் இரங்கத்தக்கது. ஆலயத்தை விட்டு அவர் சென்றது சரியா, தவறா என்று தீர்ப்பளிக்கவும் நாம் துணியோம். ஒன்று மட்டும் அவர் தட்டுகளை வரிசையாகக் கேட்டபின் நமக்குத் தெளிவாகிறது. சபையில் நில்லாத, சபைக்கு வராத எண்ணற்ற மக்கள் தம் துயரத்திற்கு ஒரு ஜெபம் வேண்டி நின்றபோது, அதனை அவர்கள் மொழியிற் பாடித் தரும் ஆற்றல் அவருக்கு இருந்தது. அவ்வாற்றல் கிளார்க்ஸ்டேல் போதகரின் வீட்டிலேயே விதைக்கப்பட்டது. பாடகர் குழுவில் நிற்கும் இளைஞர் தாம் கற்பது எங்குப் பயன்படும் என்பதை அறியார். கற்பதை மட்டும் செம்மையாகக் கற்பாராக.